கொந்தராத்துக் கொடுக்குமுன்

இடம்பெயர்ந்து சபைக்குச் சொந்தமான வீட்டில் குடியிருப்போருக்கு ஒரு சங்கடம் உண்டு. கூரை ஒழுகுவது அவர்கள் தலையில். திருத்த வேலைக்கு ஒப்பமிடுவதோ சபையும் கொந்தராத்துக்காரரும். மலிவாகக் கேட்டவருக்கு வேலை போனது என்றால் நாமும் நல்லதென்றே எண்ணிவிடுகிறோம். அந்த எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இலண்டனில் நடந்ததைப் பார்ப்போம்.

அங்கே கென்சிங்டன், செல்சி நகர சபைக்குச் சொந்தமான கிரென்ஃபெல் என்ற 24 மாடிக் குடியிருப்பு. அதைத் திருத்த முதலில் பேசிய விலை கூடிப்போனதால் புதிதாகக் கேள்வி கோரினார்கள். 2014இல் முடிவு அறிவிக்குமுன்பே, வெல்லவிருந்தவருடன் விலையை இன்னும் குறைப்பது பற்றி மறைவில் பேச்சு நடந்தது. வெளிச்சுவருக்குத் துத்தநாகத் தகடு போடுவதாக இருந்தது. அதற்குப் பதிலாக, நடுவே பொலித்தீன் வைத்த அலுமினியத் தகடு போட்டார்கள். மிச்சம் ஏறக்குறைய 3 இலட்சம் பவுண். வேலை 2016இல் முடிந்தது. 2017 ஜூன் 14இல் ஒரு சமையலறையில் பிடித்த தீ அந்தத் தகடு வழியே ஏறியது. 72 பேர் மாண்டனர். தீயாபத்துப் பற்றிக் குடியிருந்தோர் முன்பே எழுதியிருந்தார்கள்!

ஆகவே நமது சங்கம் மொத்தத் தொகையை மட்டும் கேட்டு வந்தால் போதாது. மதிப்பீட்டில் எழுதிய பொருள் எது, ஒப்பமிட்ட பின் அதை மாற்ற யாருக்கு அதிகாரம் என்றும் கேட்க வேண்டும். சபை சொல்ல மறுத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி எழுத்தில் கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுள் முடிவு சொல்ல வேண்டும். கடிதத்தின் பிரதியொன்றைச் சங்கக் கோவையில் வைத்துக்கொள்ளுங்கள்.