விசயனும் யவனர் கதை வேந்தனும்

தம் முதலரசனைக் கடல் தந்த வீரனாகக் கருதிப் போற்றுதல் பழங்குடிகள் பலவற்றிற்கும் இயல்பாகும். யவனர் தொல்கதையில் மைசீனி நகரை நிறுவிய பெர்சியசு அத்தகையவன். பேரனால் தனக்கு இறுதி நேரும் என்னும் குறிமொழிக்கு அஞ்சிய ஆர்கோசு மன்னன், தன் மகளையும் அவள் குழந்தையையும் மரப்பேழையிலிட்டுக் கடலில் விடுத்தனன். அக்குழந்தையே பின்னர் மெடூசாவின் தலையைக் கொய்து, அரசகுலமொன்றின் முதல்வனாயிற்று.

நம் நாட்டிலும் இதனையொத்த கதையொன்று உண்டு. தந்தையால் நாடு கடத்தப்பெற்ற விசயன், எழுநூறு தோழருடன் தம்பபண்ணியில் இறங்கினான் என்று மகாவம்சம் கூறும். செம்மண் தோய்ந்து அவர்தம் கைகள் செம்பு நிறம் பெற்றமையால் அவ்விடம் அப்பெயர் பெற்றதாம். புத்தர் பரிநிருவாணமுற்ற நாளே அந்நாள் என்பது மரபு, அது கி. மு. 543 எனக் கணிக்கப்படும். புத்தளக் கரையிலுள்ள குதிரைமலையை அவ்விடமாகக் காட்டுவாரும் உளர்.

ஆங்கு மரத்தடியில் நூல் நூற்றிருந்த குவேனி என்னும் இயக்கி அவன் தோழரைச் சிறைசெய்தாள். அவனுக்கு அஞ்சி விடுத்தாள். பின் மனைவியாகித் தன் குலத்தாரை அவன் வெல்லத் துணைநின்றாள். ஆயினும் விசயன் மதுரைப் பாண்டியன் மகளை மணத்தற்பொருட்டு அவளைத் துறந்தான். யவனர் காவியம் கற்றோர்க்கு, ஒடிசியசின் தோழரைச் சிறைப்படுத்திய சிர்சியும், கொரிந்து அரசன் மகளுக்காகக் கைவிடப்பட்ட மீடியாவும் ஈண்டு நினைவிற்கு வருதல் திண்ணம்.

இவ்வொற்றுமைகளால் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது எனத் துணிதல் பொருந்தாது. புதிய ஆட்சிக்கு உரிமை கற்பித்தலே இத்தகைய கதைகளின் பொதுநோக்கம். மகாவம்சத்திற்கு முற்பட்ட தீபவம்சத்தில் குவேனி பேசப்படாமை, கதை காலந்தோறும் வளர்ந்ததைக் காட்டும்.

இனி, மண் கூறும் சான்றை நோக்குவாம். 1876இல் மைசீனியில் சிலீமான் அகழ்ந்தபோது பொன்னணிகள் நிறைந்த கல்லறைகள் வெளிப்பட்டன, பெர்சியசு வெளிப்பட்டிலன். அவ்வாறே புத்தளம் மாவட்டத்துப் பொம்பரிப்பில் 1924இலும் 1970இலும் நிகழ்ந்த அகழ்வுகளில் இரும்புக்காலத்து ஈமத்தாழிகள் கிடைத்தன. அவை ஆதிச்சநல்லூர்த் தாழிகளை ஒத்தவை என்பர் அறிஞர். பாக்குநீரிணையின் இரு கரையினரும் பண்பாட்டால் நெருங்கியிருந்தமையை அவை உணர்த்துகின்றன. விசயன் பெயரை அவற்றுள் எதுவும் தாங்கவில்லை.

முதலில் வந்தவர் யாவர், பின்னர் வந்தவர் யாவர் என்னும் பூசலுக்கு விசயன் கதையைச் சான்றாக்குதல் இந்நாட்டிற்குப் பெருங்கேடு விளைத்தது. அக்கதையுள்ளும் விசயன் ஆளில்லா நாட்டிற்கு வந்திலன். அவனுக்கு முன்னரே குவேனி ஆங்கு இருந்தாள். அவன் மணந்த அரசியோ பாண்டிநாட்டினள். கதையைக் கதையாகச் சுவைத்து, வரலாற்றை மண்ணிலும் கல்லிலும் தேடுதலே கற்றோர் கடனாகும்.