மூணாறு ரயிலைக் காட்டும் படங்கள்

மூணாறை அடுத்த நல்லதண்ணி எஸ்டேட்டில் 2004-இல் திறக்கப்பட்ட தேயிலை அருங்காட்சியகம், கண்ணன் தேவன் மலைகளின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைக் காத்து வருகிறது. 1905-ஆம் ஆண்டுத் தேயிலை உருட்டும் இயந்திரமும், நாசரேத் தொழிற்பள்ளியில் 1913-இல் செய்த சூரியக் கடிகாரமும் அங்கே உண்டு. ஆனாலும் அந்தப் படங்களுக்குத்தான் மதிப்பு அதிகம். மூணாறில் ரயில் ஓடியதை இன்று கண்ணால் காண அவற்றை விட்டால் வழி குறைவு.

குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902-இல் முதலில் அமைந்தது ஒற்றைத் தண்டவாளம். வண்டியின் சிறு சக்கரங்கள் அதன்மேல் உருள, பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் தரையில் ஊன்றிச் சமநிலை காத்தது. இழுத்தவை மாடுகள். 1908-இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலப் பாதை போட்டு நீராவி எஞ்சினை ஓட்டினார்கள். தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் ஏறின. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி தமிழ்நாட்டுப் பக்கம் கொட்டகுடிக்கு இறங்கி, பிறகு போடிநாயக்கனூருக்குப் போயின. போடிக்கே ரயில் வந்தது 1928-இல்தான். மலைமேல் ஓடியது அதற்குள் அழிந்துபோயிருந்தது.

1924 ஜூலையில், கொல்லம் ஆண்டு 1099-இல், பெய்த பெருமழை அதை அழித்தது. மலையாளிகள் இன்றும் அந்த மழைவெள்ளத்தைத் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்றே சொல்கிறார்கள். மலை சரிந்தது, பாலங்களும் தண்டவாளமும் ஆற்றோடு போயின. தேயிலைத் தோட்டக் கம்பெனி ரயிலை மறுபடி கட்டவில்லை. டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் ஊருக்கு நிலைத்துவிட்டது.

இப்படி மழை கொட்டும் மலையில் அந்தப் பழைய படங்களைக் காப்பதும் எளிதல்ல. தாளின்மேல் உள்ள ஜெலட்டின் படலம் ஈரத்தை உறிஞ்சி இளகும், பூஞ்சை பிடிக்கும், வெள்ளித் துகள் மங்கும். ஈரம் தாக்காத அலமாரியும், தரமான மின்பிரதியும் கட்டாயத் தேவைகள்.

பெயர்களைக் காப்பது அதைவிட அவசரம். ஆங்கிலேயர் காலத் தோட்டப் படங்களில் துரைமாரின் பெயர்கள் பெரும்பாலும் குறிக்கப்பட்டிருக்கும். ஆள் சேர்த்த கங்காணிகளோடு திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து மலையேறி, காடு வெட்டி, கொழுந்து பறித்தவர்களுக்கோ ‘கூலிகள்’ என்ற ஒரே சொல்தான். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பலர் இன்றும் அதே மலைகளில், லயங்கள் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கிறார்கள். படங்களை அவர்களிடம் காட்டி, யார் எவர் என்று கேட்டு எழுதிவைக்க வேண்டும். ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் காலி செய்தாக வேண்டும் என்பதால், விவரம் தெரிந்த முதியவர்கள் ஒவ்வோர் ஆண்டும் மலையிறங்கிப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.