இலங்கைப் பள்ளியும் நம் பள்ளியும்

சென்ற அரையாண்டுத் தேர்வில் கணக்குத் தாளில் "சமாந்தரக் கோடுகள்" என்று எழுதிவிட்டேன். சகோதரி அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, "இது எந்த ஊர்ப் பாடம்?" என்று கேட்டார்கள். இணைகோடுகள் என்று எழுதியிருக்க வேண்டும். என் அம்மாச்சிக்குப் படம் வரைந்து காட்டி, வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் படிக்கும் பழக்கத்தால் வந்த வினை அது. அம்மாச்சி இலங்கையில் அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள்.

1964-ஆம் ஆண்டு இந்தியப் பிரதமர் லால்பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அதன்படி மலையகத் தோட்டத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு வர வேண்டும். 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை. இப்படி மனிதரை எண்ணிப் பிரித்ததில் அம்மாச்சியின் குடும்பம் இந்தியப் பக்கம் விழுந்தது. 1974-இல் தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, பின்பு உறவினரைத் தேடிக் கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தார்கள். அப்போது அம்மாச்சிக்கு வயது பதின்மூன்று.

அட்டனில் ஏழாம் வகுப்புப் படித்துக் கொண்டிருந்த அவர்களை இங்கே ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் உட்கார வைத்தார்களாம். அங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கும், இங்கே ஜூனில். நடு ஆண்டில் வந்ததால் பாதிப் படிப்பு கணக்கில் வரவில்லை. கையில் மாற்றுச் சான்றிதழும் இல்லை. அதை அங்கே "விடுகைப் பத்திரம்" என்பார்கள். தோட்டத்தை விட்டுக் கிளம்பிய அவசரத்தில் யாரும் அதை வாங்கவில்லை. ஆங்கிலமும் போதவில்லை. தம்பி வயதுப் பிள்ளைகளோடு இரண்டு வருடம் உட்கார்ந்தார்கள். பிறகு வெட்கம் தாளாமல், தாயாரோடு மலைமேல் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போய்விட்டார்கள்.

இன்று வரும் பிள்ளைக்கு அந்த நிலை வர வேண்டியதில்லை. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. பள்ளி விட்டு நின்ற பிள்ளையை அதன் வயதுக்கு ஏற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும். விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி தர வேண்டும். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்றோ, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்றோ திருப்பி அனுப்பக்கூடாது. 2022-இல் இலங்கையில் பணநெருக்கடி வந்தபோது தனுஷ்கோடிப் பக்கம் படகில் வந்து இறங்கிய குடும்பங்களிலும் பள்ளிப் பிள்ளைகள் இருந்தார்கள்.

சிக்கல் பதினைந்து வயதில்தான், அதாவது என் வயதில். இலங்கையில் பள்ளிப் படிப்பு பதின்மூன்று வகுப்புகள். முதல் பெரிய பொதுத்தேர்வான சாதாரண தரம் பதினோராம் வகுப்பு முடிவில் வரும். உயர்தரம் பதின்மூன்றின் முடிவில். அங்கே பத்து முடித்து வரும் பெண்ணிடம் பொதுத்தேர்வுச் சான்று எதுவும் இருக்காது. இங்கே மேல்நிலை முதலாண்டில் சேர அதைத்தான் கேட்பார்கள். ஆகவே பெற்றோர் ஊர் மாறும் மாதத்தை யோசித்தே முடிவு செய்ய வேண்டும். முடிந்தால் சாதாரண தரம் எழுதிவிட்டு வருவது நல்லது. இல்லையேல் இங்கே மறுபடியும் பத்தாம் வகுப்பு எழுத நேரிடும். உயர்தரம் முடித்துக் கல்லூரி சேர வருகிறவர்களுக்கு, அது நம் மேல்நிலைக்குச் சமம் என்பதற்கான சான்றை இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் தருகிறது.

இரண்டும் தமிழ்தானே, என்ன கஷ்டம் என்று என் தோழியர் கேட்கிறார்கள். நாம் ஆக்சிஜன் என்பதை அவர்கள் ஒட்சிசன் என்பார்கள். ஹைட்ரஜன் அங்கே ஐதரசன். முக்கோணம் முக்கோணி, நாற்கரம் நாற்பக்கல், இயற்பியல் பௌதிகவியல், வேதியியல் இரசாயனவியல். நோட்டு கொப்பி ஆகும். தலைமையாசிரியர் அதிபர் ஆவார். பாடம் தெரிந்த பிள்ளைகூட வினாத்தாளைப் பார்த்து முதல் மாதம் விழிக்கத்தான் செய்யும். (ஒட்சிசன்தான் சொல்வதற்கு எளிது என்பது என் எண்ணம், சகோதரி கோபித்துக் கொள்ளக்கூடாது!)

இன்னொரு வேற்றுமை நம் பள்ளியாருக்குப் பிடிக்கும். அங்கே சமயம் ஒரு பாடம்; சாதாரண தரத் தேர்வில் கத்தோலிக்கப் பிள்ளைகள் கத்தோலிக்கமும், சைவப் பிள்ளைகள் சைவநெறியும் எழுதுகிறார்கள். நம் மறைக்கல்விக்கோ நன்னெறி வகுப்புக்கோ பொதுத்தேர்வு மதிப்பெண் கிடையாது.

2009-இல் போர் முடிந்தபின் இங்கிருந்து இலங்கைக்குத் திரும்பிய குடும்பங்களுக்கு இதே கஷ்டம் தலைகீழாக வந்தது. ஆக்சிஜன் படித்த பிள்ளை ஒட்சிசன் படிக்க வேண்டும். சிங்களமும் இரண்டாம் மொழியாகப் படிக்க வேண்டும். இங்கே பிறந்த பிள்ளையாயின் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அங்கே குடியுரிமைக்கே அலைச்சல்.

என் அறிவியல் புத்தகம் மேசைமேல் கிடந்தால் அம்மாச்சி கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு பக்கங்களைப் புரட்டுவார்கள். "ஒட்சிசனைக் காணோமே" என்பார்கள். நான் இடத்தைக் காட்டுவேன்.

அடுத்த தேர்வில் இணைகோடுகள் என்றே எழுதினேன். முழு மதிப்பெண் கிடைத்தது. அதை மட்டும் அம்மாச்சியிடம் சொல்லவில்லை.