தராசும் அரைஞாணும்

ஒரு படி நல்லெண்ணெயும் ஒரு படி தண்ணீரும் ஒரே எடை இருக்குமா என்று கேட்டால் நம் வீட்டுப் பெண்மணிகள் நகைப்பார்கள். எண்ணெய் நீரின்மேல் மிதப்பதைத் தினந்தோறும் சமையலறையில் காண்கிறவர்களாயிற்றே! ஆயினும் தங்கள் சரீர விஷயத்தில் மாத்திரம் இந்தச் சிறு சாஸ்திரத்தை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். புருஷர்களோ அதை அறிந்திருந்ததாகவே தெரியவில்லை.

கள்ளக்குறிச்சி ஜில்லாவில், கல்வராயன் மலையை மேற்கே பார்த்தபடி இருக்கும் சங்கராபுரத்தில் நாற்பது பிராயமான ஒரு குடும்பத் தலைவியை நேயர்கள் கற்பனை செய்துகொள்ளட்டும். வைத்தியர் சொற்படி அவர் விடியற்காலையில் எழுந்து மலை தெரியும் திசை நோக்கி நடக்கிறார். சோற்றைக் குறைத்துப் பயறும் சுண்டலும் சேர்த்துக்கொள்கிறார். மலைச் சாமையும் உண்டு. (சாமையானாலும் அளவுக்கு மிஞ்சினால் சோற்றுக்குச் சகோதரிதான்.) உட்கார்ந்து எழும் அப்பியாசமும் செய்கிறார். மூன்று மாதம் கழித்து எடை யந்திரத்தில் ஏறினால் அரைக் கிலோதான் குறைந்திருக்கிறது! "இவ்வளவு நடைக்கும் அரைக் கிலோவா?" என்று வீட்டார் பரிகாசம் செய்கிறார்கள். மறுநாள் காலை அம்மாள் எழுந்திருக்கவில்லை. ஆனால் அவருடைய ரவிக்கைகளைத் தையற்காரர் ஒன்றரை அங்குலம் பிடித்துத் தைக்க வேண்டியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

இரண்டு சாட்சிகளில் எது பொய் சொல்கிறது? இரண்டுமே மெய்தான். கொழுப்பு நீரைவிட லேசானது. ஒரு லிட்டர் கொழுப்பின் எடை ஏறக்குறைய 900 கிராம். தசையோ ஒரு லிட்டருக்கு 1,060 கிராம் கனக்கும். இரண்டு கிலோ கொழுப்பு கரைந்து ஒன்றரைக் கிலோ தசை ஏறினால் தராசு அரைக் கிலோ வித்தியாசமே காட்டும்; உடலோ ஏறக்குறைய 800 மில்லி லிட்டர் சுருங்கிவிட்டிருக்கும். இதோடு, புதிதாக உழைக்கத் தொடங்கிய தசைகள் மாச்சத்தைச் சேமிக்கும்போது அதனுடன் நீரையும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. உப்பும் ஊறுகாயும், மாதர்களின் மாதாந்தர மாறுதலும் எடையை ஒரு கிலோ இப்படியும் அப்படியும் அசைக்க வல்லவை. அடி வயிற்றினுள்ளே குடலையும் ஈரலையும் சுற்றிப் படியும் கொழுப்புத்தான் உடல் உழைப்புக்கு முதலில் வசப்படுவது. எடை இறங்காதபோதும் அது இறங்கும். கெடுதலில் பெரிதும் அதுவே.

1942-ஆம் வருஷத்தில் அமெரிக்கக் கடற்படை வைத்தியரான ஆல்பர்ட் பென்கே என்பவர் தொழில்முறைக் கால்பந்தாட்டக்காரர் 25 பேரைச் சோதித்தார். ராணுவ அட்டவணைப்படி அவர்களில் 17 பேர் எடை மிகுந்தவர்கள், சேனைக்கு லாயக்கற்றவர்கள். பென்கே அவர்களைத் தண்ணீரில் மூழ்கச் செய்து நிறுத்துப் பார்த்தார். அந்தப் பதினேழு பேரில் 11 பேருக்குக் கொழுப்பு குறைவாகவே இருந்தது! கனமெல்லாம் தசை. தராசின் பேச்சை மட்டும் கேட்டிருந்தால் பயில்வான்களை நோஞ்சான்கள் என்று வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

நம் தேசத்துக் கதை இதற்கு நேர் எதிரானது. புனா நகர வைத்திய நிபுணர் யாஜ்னிக்கும் அவருடைய லண்டன் நண்பர் யுட்கினும் தங்கள் உடல்களையே சோதித்து, 2004-இல் 'லான்செட்' பத்திரிகையில் படத்துடன் பிரசுரித்தார்கள். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2 சதவீதம்! மெலிந்த தோற்றத்துக்குள் கொழுப்பை ஒளித்து வைத்திருப்பது பாரத நாட்டாரிடம் மிகச் சாதாரணம் என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் வேண்டியதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் சென்னை நீரிழிவு ஆராய்ச்சியாளர்கள் நடத்தி 2023-இல் வெளியிட்ட தேசிய ஆய்வும் இதையே சொல்கிறது: பொதுவான உடற்பருமன் 28.6 சதவீதம், வயிற்றுப் பருமன் 39.5 சதவீதம்.

ஆகவே, மனைவியைப் பரிகசித்த அந்தக் கணவர் தம் இடுப்பைக் கொஞ்சம் பார்த்துக்கொள்வது உத்தமம். "இருபது வருஷமாக என் எடை மாறவே இல்லை" என்று அவர் பெருமையடிக்கலாம். அரைஞாண் கயிற்றை அந்த இருபது வருஷத்தில் எத்தனை முறை தளர்த்திக் கட்டினார் என்று கேட்டுப் பாருங்கள். நம் முன்னோர் குழந்தைப் பருவத்திலேயே இடுப்பில் ஓர் அளவுகோலைக் கட்டிவிட்டிருக்க, அதை விட்டு யந்திரத்தை நம்புகிறோம்!

அளக்கும் முறை எளிது. காலையில் வெறும் வயிற்றோடு நின்று, இயல்பாக மூச்சு விட்டபின், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே நாடாவைச் சுற்ற வேண்டும். இறுக்கக் கூடாது, வயிற்றை உள்ளே இழுக்கவும் கூடாது. (புருஷர்களுக்கு இந்த எச்சரிக்கை விசேஷமாகத் தேவை.) தென்னாசியரில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும், கர்ப்பமில்லாத பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஒரே இடத்தில் அளந்து குறித்து வந்தால் போதும். எடையைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. மிகப் பருத்தவர்களுக்கு மாதங்கள் செல்லச் செல்ல இரண்டும் இறங்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வயிறு அப்படியே இருக்க, கையும் தொடையும் மாத்திரம் மெலிந்து வருமானால் அது வெற்றியன்று, கரைவது தசை. நீரிழிவு உள்ளவர்களும் வயோதிகர்களும் பட்டினி கிடந்து இளைக்கும்போது இப்படி நேரக்கூடும். நாடாவை இடுப்பில் மட்டுமல்லாமல் தொடையிலும் ஒரு முறை சுற்றிப் பார்ப்பது அதற்காகத்தான். அங்கே அளவு இறங்கினால் வைத்தியரிடம் சொல்லிவிடுவது நல்லது.