தேக்குக்கு ஒன்று, பித்தளைக்கு ஒன்று

வீட்டுச் சாமான்களில் சேரும் அழுக்கு மூன்று வகை: காற்றில் வந்து படியும் தூசி, கைபட்டு ஏறும் எண்ணெய்ப் பிசுக்கு, காப்பியோ குழம்போ சிந்தி உண்டாகும் கறை. கடையில் விற்கும் பாலிஷ்கள் பலவற்றில் பெட்ரோலியக் கரைப்பான், சிலிக்கோன், செயற்கை வாசனை ஆகியவை கலந்திருக்கும். கரைப்பான் ஆவியாகி அறைக் காற்றில் கலக்கும். சிலிக்கோன் மரத்தில் தங்கிவிட்டால், பின்னாளில் அடிக்கும் வார்னிஷ் சரியாகப் பிடிக்காது.

இவற்றுக்கு மாற்று சமையலறையிலும் நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கிறது. ஆனால் இயற்கைப் பொருள் என்பதாலேயே அது எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. எலுமிச்சைச் சாறு அமிலம், சமையல் சோடா காரம். சாமான் எதனால் ஆனது, அதன் மேற்பூச்சு என்ன என்று பார்த்த பிறகே கைவைக்க வேண்டும். எதையும் முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் தடவிப் பார்ப்பது நல்லது.

தூசியும் பிசுக்கும்

இறகுக் குஞ்சம் தூசியைக் கிளப்பி வேறிடத்தில் உட்காரவைக்கும். பழைய பருத்தி வேட்டித் துணியை நனைத்து, இறுகப் பிழிந்து, மரத்தின் இழை ஓடும் வாக்கில் துடைத்தால் தூசி துணியோடு வந்துவிடும். தூசியில் நுண்மணல் இருப்பதால் அழுத்தித் தேய்த்தால் கீறல் விழும். துடைத்ததும் உலர்ந்த துணியால் ஈரத்தை எடுத்துவிட வேண்டும்.

கைப்பிடிகளிலும் சாய்மானத்திலும் ஏறிய பிசுக்குக்குப் பூந்திக்கொட்டை போதும். அதன் தோலில் உள்ள சப்போனின் என்ற பொருள் நுரைத்து எண்ணெயைப் பிரித்தெடுக்கும். விதை நீக்கிய 10 அல்லது 15 கொட்டைகளை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, மறுநாள் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டினால் கரைசல் தயார். இது சில நாளில் கெட்டுவிடும் என்பதால் அவ்வப்போது கொஞ்சமாகச் செய்துகொள்ள வேண்டும்.

மரத்தின் கறைகள்

சூடான டம்ளர் வைத்த இடத்தில் தெரியும் வெள்ளை வளையம் பெரும்பாலும் மரத்தில் விழுந்த கறை அன்று; மேற்பூச்சுக்குள் புகுந்த ஈரம். ஓரிரு நாள் உலரவிட்டு, மெழுகு தொட்ட துணியால் மெல்லத் தேய்த்தால் பெரும்பாலும் மறையும். வளையம் கறுத்திருந்தால் தண்ணீர் மரம்வரை இறங்கிவிட்டது என்று பொருள். அதற்குத் தச்சரின் உப்புத்தாளும் புதுப் பாலிஷும்தான் வழி.

பழைய தேக்கு, ஈட்டி மரச் சாமான்களில் அரக்கிலிருந்து எடுக்கும் ஷெல்லாக் பூசியிருப்பார்கள். ஆல்கஹால் இதைக் கரைத்துவிடும். சோடாக் கரைசலும் கெடுக்கும். கைகழுவும் சானிடைசர் சிந்தினாலே வெளிறிப்போகும். இத்தகைய சாமானுக்கு ஈரத்துணியைத் தாண்டிப் போகாமல் இருப்பதே பாதுகாப்பு.

மெருகேற்றத் தேங்காய் எண்ணெய் பூசும் வழக்கம் உண்டு. அந்த எண்ணெய் காய்ந்து இறுகாது. பிசுபிசுப்பாக நின்று தூசியைப் பிடிக்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டு இறுகிப் படலமாகும். ஒரு பங்கு தேன்மெழுகை மூன்று பங்கு ஆளிவிதை எண்ணெயில் சேர்த்து, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி ஆறவிட்டால் நல்ல மெருகுக் களிம்பு கிடைக்கும். தேன்மெழுகு 65 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும்; நேரடித் தீயில் வைக்கக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பற்றலாம். விரித்துக் காயப்போடவோ தண்ணீரில் முக்கிவைக்கவோ வேண்டும்.

பித்தளை, பிரம்பு, கல்

ஊஞ்சல் சங்கிலி, பித்தளைக் குமிழ் ஆகியவற்றின் கறுப்பைப் புளி எடுத்துவிடும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் உலோகத்தின் மேலுள்ள ஆக்சைடைக் கரைப்பதே காரணம். அமிலம் மிச்சமிருந்தால் மறுபடி நிறம் மாறும் என்பதால் நன்றாகக் கழுவி உடனே துடைக்க வேண்டும். புளிக்கரைசல் மரத்தில் பட்டால் கறையாகும். குமிழைக் கழற்றித் தேய்ப்பதே சரி. லாக்கர் பூசிய பித்தளைக்குப் புளி வேண்டாம்.

பிரம்பு நாற்காலியின் இடுக்குகளை மென்மையான பிரஷ்ஷால் பூந்திக்கொட்டை நீர் தொட்டுத் தேய்த்து நிழலில் உலர்த்தலாம். தொய்ந்துபோன பிரம்புப் பின்னலின் அடிப்பக்கத்தை வெந்நீரில் நனைத்துக் காயவிட்டால் ஓரளவு இறுகும்.

கண்ணாடிக்குச் சம அளவு வினிகரும் தண்ணீரும் நல்லது. அதே வினிகர் பளிங்கிலும் கடப்பைக் கல்லிலும் பட்டால் பளபளப்பு போய்விடும். இரண்டும் கால்சியம் கார்பனேட் நிறைந்த கற்கள், அமிலம் அரித்துவிடும்.

துணி உறையிட்ட சோபாவில் சமையல் சோடாவைத் தூவி அரை மணி நேரம் கழித்து உறிஞ்சி எடுத்தால் வாடை போகும். வினிகரையும் சோடாவையும் ஒன்றாகக் கலக்கும் குறிப்பு பரவலாக உள்ளது. நுரை பொங்குவதைத் தவிர அதில் பெரிய பலன் இல்லை. அமிலமும் காரமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ப்ளீச்சிங் பவுடரோடு வினிகர் சேர்ந்தால் நச்சான குளோரின் வாயு வரும். ஒருபோதும் கலக்கக் கூடாது.

பூச்சிகள்

மூட்டைப்பூச்சி வெப்பம் தாங்காது; 50 டிகிரிக்கு மேல் அதன் முட்டையும் பிழைப்பதில்லை. கயிற்றுக் கட்டிலின் இடுக்குகளில் கொதிநீர் ஊற்றி வெயிலில் காயவைக்கும் பழைய முறைக்கு இதுவே அடிப்படை. பாலிஷ் போட்ட மரத்துக்குக் கொதிநீர் ஆகாது. வேப்பெண்ணெய் பூச்சிகளை விலக்கும். ஆனால் புற்று வைத்துவிட்ட கரையானை அது ஒழிக்காது. அதற்குத் துறை அறிந்தவரைக் கூப்பிடத்தான் வேண்டும். அலமாரியில் போடும் நாப்தலின் உருண்டை உடலுக்குக் கேடு. சில கைக்குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களையே சிதைக்கும். கற்பூரம் இயற்கையானதாக இருந்தாலும் வாயில் போட்டால் நஞ்சு. குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

வாரம் ஒருமுறை ஈரத்துணி, பிசுக்கு தெரிந்தால் பூந்திக்கொட்டை நீர், ஆண்டுக்கு ஒருமுறை மெழுகு: பெரும்பாலான மரச்சாமான்களுக்கு இவ்வளவே போதும். அமிலமும் காரமும் கறை கண்ட இடத்தில் மட்டும், அதுவும் தாங்கும் பொருளில் மட்டும். நன்றாகப் பேணிய சாமானை மாற்ற வேண்டிய தேவை எளிதில் வராது. அதற்காக இன்னொரு மரம் விழவும் வேண்டியதில்லை.