டார்ச்சுக்கு எந்த செல் போடலாம்?

இன்னைக்குப் பேசப்போறது ரொம்பச் சின்ன விஷயம்: கையடக்க டார்ச் லைட். அதுக்கு சார்ஜ் பண்ற செல் வாங்கலாமா, தீர்ந்ததும் தூக்கிப் போடுற செல்லே போதுமா?

எனக்கு இந்தக் கேள்வி வந்தது ஒரு புயல் ராத்திரியில. 2018 நவம்பர் 16, கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையைக் கடந்தது. நான் அந்தப் பக்கம் அம்மா வீட்டுல இருந்தேன். காத்து கொஞ்சம் ஓய்ஞ்சதும், கொல்லையில கட்டியிருந்த மாட்டைப் பார்க்கணும்னு அம்மா கிளம்பிட்டாங்க. டிராயர்ல இருந்த டார்ச்சை எடுத்து அழுத்துறேன், எரியலை. மூடியைத் திறந்தா உள்ளே வெள்ளையா பூத்துக் கிடக்கு. ஆல்கலைன் செல் கசிஞ்சு ஸ்பிரிங்கையே அரிச்சிருந்தது. என் பையில சார்ஜ் செல் போட்ட இன்னொரு டார்ச் இருந்தது. மாசக்கணக்கா சும்மா கிடந்ததால அதுவும் எரியலை. கடைசியில மொபைல் வெளிச்சத்துலதான் போனோம். கொல்லை வாசல்ல தென்னை சாய்ஞ்சு கிடக்கு, நாலடி தள்ளி அறுந்த மின்கம்பி. அம்மா இருட்டுலயே போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு இன்னைக்கும் நினைச்சுப் பார்ப்பேன்.

ரெண்டு வகை செல்லும் அன்னைக்கு என்னைக் கைவிட்டுடுச்சு. காரணம் செல் இல்லை, எதை எங்கே போடணும்னு தெரியாத நான்தான்.

முதல்ல வோல்ட் கணக்கைப் பார்ப்போம். பென்சில் செல் அளவுல, ஆல்கலைன் 1.5 வோல்ட். சார்ஜ் பண்ணக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் 1.2 வோல்ட். 'அப்போ வெளிச்சம் குறையுமே'ன்னு தோணும். ஆனா ஆல்கலைன் எரிய எரிய, அதன் வோல்ட் இறங்கிக்கிட்டே வரும், வெளிச்சமும் மங்கும். சார்ஜ் செல் கிட்டத்தட்ட கடைசிவரை 1.2 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். அதனால பிரகாசமான எல்இடி டார்ச்சுக்கு அது நல்லாவே ஒத்துப்போகும். ஒரே குறை, தீரும்போது சட்டுனு தீர்ந்துடும்.

அடுத்தது, சும்மா கிடக்கும்போது நடக்கிறது. சாதாரண சார்ஜ் செல் பயன்படுத்தாமலே சில மாதங்களில் பெரும்பகுதி சார்ஜை இழந்துவிடும். 'ப்ரீ-சார்ஜ்டு'ன்னு போட்டு விற்கிற வகை ஒரு வருஷம் கழிச்சும் பெரும்பகுதியைத் தக்கவைக்கும். ஆல்கலைன் பல வருஷம் சார்ஜோடு இருக்கும், ஆனா டார்ச்சுக்குள்ளேயே மறந்துட்டா கசியும் ஆபத்து உண்டு.

அதனால நான் இப்போ கேட்டுக்கிற ஒரே கேள்வி: இந்த டார்ச்சை எவ்வளவு அடிக்கடி எரிப்பேன்?

தினமும் எரிக்கிறதுன்னா, அதாவது வயலுக்குத் தண்ணி பாய்ச்சப் போறது, ராத்திரி மாடியேறிப் போறது மாதிரின்னா, சார்ஜ் செல்தான். சார்ஜரோடு சேர்த்து முதல் செலவு கூடுதல். ஆனா நூற்றுக்கணக்கான தடவை சார்ஜ் பண்ணலாம், குப்பையும் குறையும்.

ஆபத்துக்குன்னு எடுத்து வைக்கிற டார்ச்சுக்கு, தூக்கிப் போடுற செல். புயலுக்கு அப்புறம் பல ஊர்ல வாரக்கணக்கா கரண்ட் இல்லை. சார்ஜரை எதுல சொருகுறது? கையில காசு இருந்தா, சார்ஜ் பண்ண முடியாத 1.5 வோல்ட் லித்தியம் செல் வாங்கலாம். விலை அதிகம், ஆனா எடை குறைவு, பத்து வருஷத்துக்கு மேலயும் தாங்கும், கசிவும் அபூர்வம். ஆல்கலைன்தான்னா, செல்லை வெளியே எடுத்து டார்ச்சோடு சேர்த்து ஒரே டப்பாவுல வைங்க.

மூணு எச்சரிக்கை. ஆல்கலைன் செல்லை சார்ஜர்ல போடவே கூடாது. பழசும் புதுசும் கலக்கக் கூடாது. பென்சில் செல் அளவிலேயே 3.7 வோல்ட் லித்தியம் அயன் செல்லும் கிடைக்குது. டார்ச் அதை ஏத்துக்கும்னு எழுதியிருந்தா மட்டும் போடுங்க, இல்லேன்னா டார்ச் போயிடும்.

எங்க வீட்டுல இப்போ ரெண்டு டார்ச். அம்மா தலைமாட்டுல இருக்கிறது சார்ஜ் செல். சாமி அலமாரியில இருக்கிறது லித்தியம் செல்; ஒவ்வொரு ஐப்பசியும் மழைக்கு முன்னாடி அம்மாவே அதை ஒரு தடவை எரிச்சுப் பார்த்துடுவாங்க. நீங்களும் இன்னைக்கே உங்க டிராயரைத் திறந்து ஒரு தடவை அழுத்திப் பாருங்க.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.