கல்லாவில் இருந்தவர்கள் எழுதிய புத்தகங்கள்

வரி, உரிமம், தராசு முத்திரை என்று எழுதியே நமக்குப் பழக்கம். இந்த முறை புத்தகங்களைப் பற்றி எழுதுகிறோம். ‘சரக்கு இறக்கவே நேரமில்லை, இதில் புத்தகமா?’ என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். இங்கே நாம் சொல்லப்போகும் புத்தகங்களை எழுதியவர்கள் ஏறக்குறைய எல்லாரும் நம்மைப்போலவே கடையிலோ மண்டியிலோ உட்கார்ந்து காசு எண்ணியவர்கள்.

மளிகைக் கடையில் மதியம் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை ஈ ஆடாது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் முன்பெல்லாம் தினசரியை விரித்துக்கொண்டு தூங்கி வழிவோம். பல வருடங்களுக்கு முன் ஒருநாள், பொட்டலம் மடிக்க எடைக்கு வாங்கிய பழைய காகிதக் கட்டில் அட்டை கிழிந்த நாவல் ஒன்று கிடந்தது. (அச்சடித்த தாளில் தின்னும் பொருளை மடிக்கக்கூடாது என்று இப்போது விதி வந்துவிட்டது. அன்று எல்லாரும் மடித்தோம்.) கடைப் பையன் அதில் நாலு தாளைக் கிழித்துக் கடுகு மடித்துக் கொடுத்துவிட்டான். மீதியைச் சும்மா புரட்டிய நாம், கடை அடைக்கும் வரை அதைக் கீழே வைக்கவில்லை. பிறகு முழுப் புத்தகத்தையும் காசு கொடுத்து வாங்கினோம்.

அது தோப்பில் முஹம்மது மீரான் எழுதிய ‘துறைமுகம்’. கன்னியாகுமரி மாவட்டம் தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்து, திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வியாபாரம் செய்தவர் அவர். 1997-இல் ‘சாய்வு நாற்காலி’ நாவலுக்குச் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றார், 2019-இல் காலமானார். ‘துறைமுகம்’ கடற்கரைக் கிராமத்துக் கதை. அங்குள்ளவர்கள் மீனைப் பதப்படுத்திக் கொழும்புக்கு அனுப்புகிறார்கள். போன இடத்தில் சரக்கு என்ன விலைக்குப் போயிற்று என்பது அனுப்பியவனுக்குத் தெரியாது. வாங்கிய வியாபாரி சொல்வதுதான் கணக்கு. உழைத்தவனுக்கு மிஞ்சுவது கடன்.

இதைப் படித்தபோது நமக்குக் கோபம் வந்தது. வியாபாரியாக இருந்துகொண்டு வியாபாரியை இப்படியா எழுதுவது என்று நினைத்தோம். இரண்டு நாள் கழித்துத்தான் வேறொன்று உறைத்தது.

மளிகைக் கடையோடு வற்றல் கமிஷனும் நாம் பார்த்து வருகிறோம். விவசாயி மூட்டை கொண்டுவந்து இறக்குவார். சாக்குக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு. இவை போக, மாதிரி பார்க்க ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு கை அள்ளுவோம். அள்ளிய வற்றல் திரும்ப மூட்டைக்குப் போகாது, மூலையில் குவியும். மாதக் கடைசியில் அது ஒரு மூட்டையைத் தாண்டும். அதை விற்ற காசு நம் பெட்டிக்குப் போகும். அப்பா காலத்திலிருந்து வரும் வழக்கம், யாரும் கேட்டதில்லை. கொழும்பு வியாபாரிக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் எத்தனை கிலோ என்று மனசு கேட்க ஆரம்பித்துவிட்டது.

மாதிரியைத் திரும்ப மூட்டையிலேயே போடச் சொன்னோம். கழிவு ஒவ்வொன்றையும் சிட்டையில் தனித்தனியாக எழுதச் சொன்னோம். கூட்டாளியான மைத்துனருக்கு இது பிடிக்கவில்லை. “மச்சான், ஊருக்கெல்லாம் ஒரு வழக்கம், நமக்கு மட்டும் ஒரு வழக்கமா? மத்த மண்டிக்காரங்க மூஞ்சியில எப்படி முழிக்கிறது? கதைப் புத்தகத்தைப் படிச்சிட்டு யாவாரம் பண்ண முடியுமா?” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த வருடம் லாபம் குறைந்தது. புதிதாகச் சில விவசாயிகள் வந்தார்கள்; வருவார்கள் என்று எதிர்பார்த்த பலர் வரவில்லை. முன்பணம் அதிகம் தரும் மண்டிக்கே போனார்கள். மைத்துனரோடு அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை. தீபாவளிக் கணக்குப் பார்க்கும்போதெல்லாம் தலைதூக்கும்.

நிற்க. அந்த ஒரு புத்தகத்துக்குப் பிறகு, நம் தொழிலில் இருந்தவர்கள் வேறென்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேட ஆரம்பித்தோம்.

நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்தியவர் சுந்தர ராமசாமி. அவருடைய ‘ஒரு புளியமரத்தின் கதை’ 1966-இல் வெளிவந்தது. கடைத்தெரு நடுவே நிற்கும் ஒரு புளியமரம், அதைச் சுற்றியுள்ள கடைகள், காதர், தாமு என்ற இரண்டு வியாபாரிகளின் போட்டி, அதற்குள் புகும் நகராட்சித் தேர்தல். கடைசியில் மரம் பட்டுப்போகிறது. எதிரெதிர்க் கடைக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் மனு எழுதிப்போடும் ஊர்கள் நமக்குத் தெரியாதவை அல்ல. அங்கேயெல்லாம் இதை ஒரு முறை சத்தமாகப் படித்துக் காட்டலாம். சிரிப்பும் வரும்.

ப. சிங்காரம் பதினெட்டு வயதில் சுமத்ராவின் மேடான் நகருக்குப் போய் அங்கே கடையில் வேலை பார்த்தவர். 1972-இல் வெளிவந்த ‘புயலிலே ஒரு தோணி’ இரண்டாம் உலகப் போர்க் காலத்து மேடானிலும் பினாங்கிலும் நடக்கிறது. வட்டிக்கடையின் பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்று நாம் கேள்விப்பட்ட அத்தனை பேரும் அதில் வருகிறார்கள். நடை கொஞ்சம் கடினம். முதல் ஐம்பது பக்கத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாம் இரண்டு முறை பாதியில் விட்டு, மூன்றாம் முறைதான் முடித்தோம்.

கும்பகோணத்து எம்.வி. வெங்கட்ராம் சரிகை வியாபாரி. ‘தேனீ’ என்ற இலக்கியப் பத்திரிகை நடத்திக் கைப்பொருளை இழந்தவர். பிறகு 1993-இல் ‘காதுகள்’ நாவலுக்குச் சாகித்திய அகாதெமி பரிசு வந்தது. நாம் சிபாரிசு செய்வது, சௌராஷ்டிர நெசவாளர் வாழ்க்கையைச் சொல்லும் அவருடைய ‘வேள்வித் தீ’. எழுத்தாளரின் வரவு செலவை வியாபாரிக் கண்ணோடு பார்த்தால் வயிறு எரிகிறது.

புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு கதை அல்ல. பிரெஞ்சுக் கவர்னர் துய்ப்ளேயிடம் துபாஷியாக இருந்த அவர், சொந்தமாகக் கப்பல் வைத்து வியாபாரமும் செய்தார். 1736-இல் தொடங்கிய குறிப்பு, 1761-இல் அவர் காலமாகும் தறுவாய் வரை போகிறது. வந்த கப்பல், ஏறிய துணிக்கட்டு, யார் யாருக்கு என்ன வெகுமானம், கவர்னர் யார் மேல் கோபமாக இருந்தார் எல்லாம் அதில் உண்டு. ஒரே மூச்சில் படிக்க முடியாது. பேரேடு பார்ப்பதுபோல நாளுக்கு இரண்டு பக்கம் பார்த்தால் போதும்.

பட்டியலில் பழைய நூலும் ஒன்று இருக்கட்டும் என்று ‘பட்டினப்பாலை’யை உரையோடு வைத்திருக்கிறோம். கொள்வதில் மிகை கொள்ளாமலும் கொடுப்பதில் குறைக்காமலும் இருந்தவர்கள் என்று காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களை அது புகழ்கிறது. எழுதியவர் உருத்திரங்கண்ணனார், புலவர். மிளகு மூட்டையை அவர் தூக்கிப் பார்த்திருக்க மாட்டார். புகழ்ச்சி கொஞ்சம் தாராளமாகவே இருக்கிறது.

இந்தப் பட்டியலைச் சங்கக் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது பருப்பு மண்டி அண்ணாச்சி ஒருவரிடம் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “தம்பி, சினிமாவுல பதுக்கல்காரன், கலப்படக்காரன், வட்டிக்காரன் எல்லாம் நாமதான். நம்ம ஆளுங்களும் நம்மளைக் கொறை சொல்லித்தான் எழுதியிருக்கான். மழையில கடன் கொடுத்து ஊருக்குச் சோறு போட்ட கடைக்காரனை எவன் எழுதினான்?” என்று கேட்டார்.

அவர் கேட்டதற்கு நம்மிடம் பதில் இல்லை. விருதுநகரில் வியாபாரத்தில் வசூலித்த மகமையிலும், வீடுதோறும் சேர்த்த பிடியரிசியிலும் 1889-இல் ஒரு பள்ளிக்கூடமே எழுந்தது. காமராஜர் அதில் படித்தார். அதை வைத்து ஒரு நல்ல நாவல் இருந்தால் நாம் இன்னும் பார்க்கவில்லை. கடன் நோட்டைக் கிழித்துப் போட்ட மளிகைக்காரரின் கதையையும் பார்க்கவில்லை.

ஆகவே அன்பர்களே, உங்கள் கருத்து வேண்டும். இந்தப் பட்டியலில் எதைச் சேர்க்கலாம், எதை நீக்கலாம்? அண்ணாச்சி கேட்ட மாதிரிக் கதை எங்காவது இருக்கிறதா? ‘துறைமுகம்’ நம்மை அநியாயமாகத் தாக்குகிறது என்று நினைப்பவர்களும் தயங்காமல் எழுதலாம். மைத்துனரும் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். சங்க அலுவலகத்துக்குக் கார்டு போடுங்கள், வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம். கடையின் பெயர் போட விருப்பமில்லை என்றால் ஊர் பெயர் மட்டும் போதும். புத்தகம் வாங்க முடியாதவர்கள் மதியம் இரண்டு மணிக்கு மேல் நம் கடைக்கு வந்தால் இரவல் தருகிறோம். நோட்டில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு எடுத்துப் போகலாம்.